நெயில் கட்டர் எங்கம்மா? வீட்ட அடுக்கி வெக்கிறத பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் இன்டீரியர் டிசைனரெல்லாம் கெடையாதுங்க, மொதல்லயே சொல்லிடறேன். கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம் மாமனார் கட்டுன வீடு, ரெண்டு பெட்ரூம், ஒரு ஹாலு, அடுப்படி, பூஜை ரூம்னு நாங்க பேர் வெச்சிருக்கற ஒரு செல்ஃபு. இதுக்குள்ள ஆறு பேரு. வீட்டுக்காரரு ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, பையன் எட்டாவது, பொண்ணு மூணாவது, அத்தை, மாமா, நானு. ரெண்டு மூணு வருஷமா வீட்ட ஒரு வழிக்கு கொண்டாந்து வெச்சிருக்கேன், வர்றவங்கெல்லாம் எப்டி எப்டின்னு கேட்டு, ஒரே பதில பத்து பேருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்ட கட்டிக்கிச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

வீட்ட ஒழுங்குபண்ணணும்னா எங்க ஆரம்பிக்கறது? மொதல்ல என்ன டப்பா வாங்கலாம்?

ஒரு டப்பாவும் வாங்காதீங்க. இத சொன்னா எல்லார் மொகமும் சுருங்கிடுது, ஆனா நான் அந்த தப்ப பண்ணி முடிச்சவ. ஆஃபர்ல பன்னெண்டு பிளாஸ்டிக் பாக்ஸ் வாங்கிட்டு வந்து, கண்ணுல பட்டதெல்லாம் அதுக்குள்ள போட்டு மூடி, ஹால் பளிச்சுன்னு இருக்கு பாருன்னு போட்டோ எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்புனேன். நாலு நாள் கழிச்சு வீட்டுக்காரருக்கு காலைல ஷிஃப்டு. கம்பெனி பஸ் அஞ்சு மணிக்கு ரவுண்டானாகிட்ட வந்துடும். நாலே முக்காலுக்கு மனுஷன் வாயில செல்போன கவ்விகிட்டு டார்ச் வெளிச்சத்துல ஒவ்வொரு பாக்ஸா தொறக்கறாரு, ஐடி கார்டு காணோம். பொண்ணு எந்திரிச்சு அழுவுது, மாமா இருமிகிட்டே லைட்ட போடறாரு, மொத்த வீடும் முழிச்சாச்சு. கார்டு ஏழாவது பாக்ஸ்ல, மெழுகுவத்திக்கும் பழைய ரிமோட்டுக்கும் நடுவுல. அத அங்க போட்டதும் நான்தான்.

அன்னிக்கு ஒரு வேலை பண்ணேன். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுங்க பின்னாடி, ஒரு வாரம் யார் யாரு "அது எங்க, இது எங்க"ன்னு என்னைய கேக்கறாங்கன்னு எழுதிகிட்டே வந்தேன். நெயில் கட்டர் அஞ்சு தடவ. கத்திரிக்கோலு நாலு. சார்ஜர், ஜாமெட்ரி பாக்ஸு, மாமாவோட கண்ணாடிக் கூடு, தைலம், ஸ்கூட்டி சாவி. நானும் வீடு பூரா குப்பைன்னு நெனச்சிருந்தேன், பாத்தா சண்டையெல்லாம் ஒரு பத்து சாமானத்த சுத்திதான் நடக்குது, அந்த பத்தும் எங்க இருக்குன்னு என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதனால என்னைய பொறுத்தவரைக்கும் வீடு நல்லா இருக்கான்னு பாக்க ஒரே ஒரு டெஸ்ட்தான்: நான் ரெண்டு நாள் அம்மா வீட்டுக்கு போனா எனக்கு எத்தினி போன் வருது? நீங்களும் ஒரு வாரம் எழுதி பாருங்க, அப்புறம் அந்த பத்துக்கு மட்டும் மொதல்ல எடம் புடிங்க, மத்ததெல்லாம் கெடக்கட்டும்.

எடம் புடிக்கறதுன்னா? எங்க வெச்சாலும் திரும்ப அங்க போக மாட்டேங்குதே!

ஏன்னா நீங்க "எங்க இருந்தா அழகு"ன்னு பாத்து வெக்கறீங்க. பொருளு எங்க கெடக்குதுன்னு பாருங்க, அதுதான் அதோட எடம். எங்க வீட்ல எல்லாரும் நகம் வெட்டறது வாசப்படில உக்காந்துதான், நான் நெயில் கட்டர பாத்ரூம் செல்ஃப்ல வெச்சா அது எப்டி திரும்பி போவும்? வாசக்கதவுக்கு பின்னாடி ஒரு ஆணி, அதுல நூல் கட்டி தொங்குது. மூணு வருஷமா அதே நெயில் கட்டரு. நூலு மட்டும் மாத்தியிருக்கேன்.

கதவுக்கு பக்கத்துலயே ஒரு பலகைல ஆறு கொக்கி அடிச்சிருக்கோம், ஆளுக்கு ஒண்ணு. வீட்டுக்காரர் கொக்கில ஐடி கார்டும் வண்டி சாவியும், கீழ ஹெல்மெட்டு. மாமா கொக்கில டார்ச்சும் துண்டும். பொண்ணோடது மட்டும் மூணடி ஒயரத்துல, ஏன்னா அவளுக்கு எட்டணும். பெரியவங்க ஒயரத்துல அடிச்சிட்டு "புள்ள எதையும் எடத்துல வெக்க மாட்டேங்குது"ன்னு திட்டுனா அது யார் தப்பு சொல்லுங்க.

ஸ்டைலா இருக்கணும், ஆனா பட்ஜெட் கெடையாது. என்ன பண்ணலாம்?

நம்ம ஊர்ல இருந்துகிட்டு இதுக்கு கவலப்படக் கூடாதுங்க. சுத்தி கிரானைட் பாலிஷ் போடற எடமா இருக்கு. பெரிய சிலாப் அறுத்தது போக மிச்சம் விழற கட்பீஸ கேட்டா பெருசா வெல சொல்ல மாட்டாங்க. ஒரடி அகலம், ரெண்டரையடி நீளத்துல கறுப்பு கட்பீஸ் மூணு எடுத்து, ஓரத்த மட்டும் மழுக்கி, செவுத்துல எல் ஆங்கிள் அடிச்சு ஹால்ல வெச்சோம். வர்றவங்க எந்த கடைல வாங்குனீங்கன்னு கேக்காம போனதில்ல. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, கல்லு கனம். அரை செங்கல் தடுப்பு செவுத்துலயோ பூச்சு உதிர்ற செவுத்துலயோ வெக்காதீங்க, நல்ல கொத்தனார கூட்டி காமிச்சு ஆங்கர் போல்ட்டு போட்டு அடிங்க. புள்ளைங்க படுக்கற கட்டிலுக்கு மேல வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மூங்கில் கூடை. ஞாயித்துக்கெழம போச்சம்பள்ளி சந்தைக்கு போனா கூடை, மொறம், தட்டுன்னு கெடைக்கும். ஒரே அளவுல நாலு வாங்கி செல்ஃப்ல வரிசையா வெச்சா, உள்ள என்ன குப்பை இருந்தாலும் வெளிய இருந்து பாக்க அம்சமா இருக்கும். அழகுக்கு ரகசியம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான், ஒரே அளவு, ஒரே நெறம். நாலு கலர் பிளாஸ்டிக் டப்பா எவ்ளோ சுத்தமா அடுக்குனாலும் பாத்திரக்கடை மாதிரிதான் தெரியும்.

தொறந்த செல்ஃபு வேணுமா கதவு போட்டதா? போட்டோல பாத்தா தொறந்ததுதான் அழகு, நெசத்துல பெங்களூர் ரோடும் சென்னை ரோடும் சேர்ற ஊரு இது, லாரி தூசியும் செம்மண்ணும் நாள் பூரா வீட்டுக்குள்ள வருது. தெனம் எடுக்கறது மட்டும் தொறந்த செல்ஃப்ல வெச்சிருக்கேன், கை பட்டுகிட்டே இருந்தா தூசி நிக்காது. மாசத்துக்கு ஒருக்கா எடுக்கறதெல்லாம் கதவுக்கு பின்னாடி.

லாஃப்ட் ஃபுல்லா இருக்கு, என்ன இருக்குன்னே தெரியல.

எல்லா வீட்டு கதையும் இதான். எங்க அத்தை அத அட்டாலின்னுதான் சொல்லுவாங்க. அட்டாலில ஏறுனது எறங்குனதா சரித்திரமே இல்ல எங்க வீட்ல. நாங்க எறக்குனப்ப வந்தத சொல்றேன் கேளுங்க: கவருமெண்டு குடுத்த கலர் டிவி, அதுக்கப்புறம் 2011க்கு மேல குடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், மூணும் அட்டப்பெட்டியோட. என் கல்யாண சீர்ல வந்த பித்தளை அண்டா, தவல, குண்டான், ஒரு எவர்சில்வர் கொடத்துக்குள்ள இன்னொரு கொடம். மாமா காலத்து ட்ரங்கு பொட்டி ரெண்டு. வீட்டுக்காரரோட பாலிடெக்னிக் டிராயிங் போர்டு. ஒடஞ்ச நடவண்டி.

எல்லாத்தையும் ஒரே நாள்ல எறக்காதீங்க, சாயந்தரம் ஆறு மணிக்கு ஹால்ல கால் வெக்க எடமில்லாம நின்னு அழுவீங்க. ஒரு ஞாயித்துக்கெழம ஒரு மூலை, அவ்ளோதான். எறக்குனத தொடச்சு, திரும்ப ஏத்தறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. அடுத்து ஒரு வேலை, இதுக்கு அஞ்சு ரூபா சாக்பீஸ் போதும். லாஃப்டுக்கு கீழ செவுத்துல ஓரமா, மேல நேரா என்ன இருக்குன்னு சின்னதா எழுதிடுங்க. "சூட்கேஸ்", "கொலு", "குளிர் போர்வை". பெயிண்ட் மேல எழுதறது புடிக்காதவங்க கதவுக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டலாம். ஆயுத பூஜைக்கு கூட இப்பல்லாம் எனக்கு போன் பண்ணாம எங்க வீட்டுக்காரரே குத்துவெளக்க எறக்கிடறாரு.

கனமானது எதையும் மேல ஏத்தாதீங்க, அண்டா ஒண்ணு கை நழுவி எறங்குனா கழுத்து போயிடும். மேல போறது கனமில்லாம, எடத்த மட்டும் அடைக்கறதா இருக்கணும். போர்வ, சூட்கேஸு, காலி அட்டப்பெட்டி. அட்டப்பெட்டியும் வாரண்டி முடிஞ்சா எதுக்கு, கரையானுக்கு அது கல்யாண சாப்பாடு.

மாமியார் எதையும் தூக்கிப்போட விட மாட்டேங்கறாங்க. என்ன செய்ய?

இத கேக்காத பொண்ணே இல்ல, சில பேரு குசுகுசுன்னு கேப்பாங்க.

எங்க அத்தைகிட்ட மஞ்சப்பை மட்டும் அறுவத்தி ரெண்டு இருந்துச்சு. எண்ணி பாத்தேன். கல்யாண வீட்டு தாம்பூலப்பை, நகைக்கடை பை, ஜவுளிக்கடை பை, எல்லாத்தையும் தொவச்சு மடிச்சு தலவாணி உறைக்குள்ள அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் சிரிச்சேன். அப்புறம் 2019 ஜனவரில பிளாஸ்டிக் பைக்கு தடை வந்துச்சு, 2021 டிசம்பர்ல கவருமெண்டே மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சாங்க, அத்தை ஒரு வாரம் என்னைய பாத்து சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவங்க சாமான்ல கை வெக்கறப்ப கொஞ்சம் யோசிச்சுதான் வெக்கறேன்.

தூக்கிப்போடவான்னு கேட்டா யாரும் சரின்னு சொல்ல மாட்டாங்கங்க. "அத்தை, இது எத்தினி வேணும்?"னு கேளுங்க. எண்ணிக்கை அவங்க கையில குடுத்துடுங்க. அத்தை இருவது பை வேணும்னாங்க, மிச்சத்த பக்கத்து காய்கறிக்கார அக்காவுக்கு அவங்களே குடுத்துட்டு வந்தாங்க. கவருமெண்டு கிரைண்டர் என் கொழுந்தனார் ஓசூர்ல தனியா வீடு பாத்தப்ப போச்சு, குப்பைக்கு போவலன்றதுதான் அவங்களுக்கு நிம்மதி. பித்தளைய எடைக்கு போடற பேச்ச மட்டும் எடுக்காதீங்க, அது எங்கம்மா குடுத்ததுன்னாலும் அத்தைக்கு மனசு கேக்கல, எனக்கும் கேக்கலன்றது வேற விஷயம். தவலைல இப்ப ஹால் மூலைல கொடையும் மாமா கைத்தடியும் நிக்குது, புளி போட்டு தேச்சு வெச்சா நல்ல ஷோ பீஸுதான்.

இன்னொண்ணு, பழைய துணிக்கு பாத்திரம் குடுக்கறவங்க தெருவுல வருவாங்க இல்ல, அவங்ககிட்ட ஒரு மூட்டை துணிய போட்டுட்டு ஒரு பேசின் வாங்கிட்டு வந்துடாதீங்க. துணி போன எடத்துல பாத்திரம் வந்து உக்காந்துக்கும், நான் மூணு பேசினுக்கு அப்புறம்தான் திருந்துனேன்.

அடுப்படி சாமான், மூட்டை கணக்குல வர்ற தானியம், புளி இதெல்லாம் எப்டி வெக்கறது? டவுன் வீட்ல எடமில்லையே.

இதுதான் எனக்கு புடிச்ச கேள்வி. நம்ம பக்கம் மாசாமாசம் கடைல வாங்கறது ஒரு பக்கம்னா, வருஷத்துக்கு ஒருக்கா ஊர்லேர்ந்து வர்றது இன்னொரு பக்கம். கேவுரு, அதான் கேழ்வரகு, ஒரு மூட்டை, கொள்ளு, அவரை, தொவரை, புளி. இத மாடுலர் கிச்சன் படத்துல காட்டவே மாட்டாங்க, அவங்க காட்டற கண்ணாடி பாட்டில்ல நாலு முந்திரிதான் இருக்கும்.

கேவுரு ஒரு வரம்ங்க. நல்லா காய்ஞ்சிருந்தா வருஷக்கணக்குல பூச்சி புடிக்காம கெடக்கும், அந்த காலத்துல இத நம்பித்தான் பஞ்சத்த தாண்டுனோம்னு மாமா சொல்லுவாரு. ஆனா மாவா அரைச்சா கணக்கு வேற, மாசக்கணக்குல வெச்சா காரலடிக்கும், கசக்கும். அதனால மூட்டைய மூட்டையாவே வெச்சுட்டு களிக்கு வேண்டியத பதினஞ்சு இருவது நாளைக்கு ஒருக்கா மெஷின்ல குடுத்து அரைச்சுக்கறேன். மூட்டைய தரைல நேரா வெக்காம ரெண்டு கட்டை போட்டு, செவுத்த விட்டு ஒரு சாண் தள்ளி வெக்கணும். செவுத்துல ஒட்டி வெச்சா ஓதம் ஏறும், எலிக்கும் அந்த சந்துதான் ரோடு.

தொவரை, அவரைக்கு அத்தை செம்மண் கட்டுவாங்க. செம்மண்ண தண்ணில கொழச்சு பருப்பு மேல பூசி வெயில்ல காயவெச்சு எடுத்து வெக்கறது. வண்டு புகாது. டவுன்ல மொட்ட மாடி இருக்கறவங்க இப்பவும் பண்ணலாம், மண்ணு மட்டும் சல்லடைல சலிச்சுக்கோங்க. அதுக்கும் நேரமில்லன்னா நல்ல உச்சி வெயில்ல ரெண்டு நாள் காயப்போட்டு, ஆறுனப்புறம் இறுக்கி மூடற டப்பால போடுங்க. சூட்டோட போட்டு மூடுனா உள்ள வேத்து பூசணம் புடிக்கும், பாதி பேரு இங்கதான் கோட்ட விடறாங்க.

புளி மாசி பங்குனில வரும். எங்க வீட்ல எல்லாரும் ஹால்ல உக்காந்து தட்டி, கொட்டை எடுத்து, நார் உரிச்சு, கல்லுப்பு தூவி உருட்டி ஜாடிலயோ மண்பானைலயோ அழுத்தி வெச்சுடுவோம். பித்தளை, அலுமினியம், இரும்பு, எதுலயும் புளிய வெக்காதீங்க, புளிப்பு ஏனத்த அரிச்சுடும். நாளாக நாளாக கறுக்கத்தான் செய்யும், கொழம்புக்கு கறுப்புப் புளிதான் அத்தைக்கு. ஜாடி ரெண்டும் அடுப்படில தரையோட கடப்பா கல்லுக்கு கீழ இருக்கு. கேட்டீங்கன்னா வீட்லயே அழகான மூலை அதுதான், பீங்கான் ஜாடி, மேல வெள்ளத்துணி கட்டி, பக்கத்துல கவுத்த மொறம்.

தெனம் பொழங்கற மசாலா சாமானுக்கு அஞ்சறப் பொட்டி இருக்கறப்ப பன்னெண்டு கண்ணாடி ஜார் எதுக்குன்னு எனக்கு புரியல. எண்ண, சோப்பு எதுவும் அதுங்ககிட்ட இருக்கக் கூடாது, அவ்ளோதான் ரூலு.

மூட்டைல வண்டு வராம இருக்க மாத்திரை போடலாமா? கடைல குடுக்கறாங்களே.

கூடவே கூடாது. இதுல மட்டும் நான் வளவளன்னு பேச மாட்டேன். கோடவுனுக்குன்னு வர்ற அலுமினியம் பாஸ்பைட் மாத்திரை அது, காத்துல இருக்கற ஈரம் பட்டாலே பாஸ்பீன்னு விஷவாயு விடும், ஆளுங்க படுத்து தூங்கற வீட்ல வெச்சு குடும்பத்தோட உயிர் போயிருக்கு. யாரு குடுத்தாலும் வாங்காதீங்க, பக்கத்து வீட்ல வெச்சிருந்தாலும் எடுத்து சொல்லுங்க. வேப்பெல, வசம்பு, காஞ்ச மொளகா, நல்ல வெயிலு, இதுக்கு மேல வந்தா வரட்டும், பொடச்சுக்கலாம்.

துணி பீரோல போடற நாப்தலின் உருண்டையும் கொழந்தைங்க கைக்கு போகாம பாத்துக்கணும். வெள்ள மிட்டாய்னு வாயில போட்டுடும்ங்க, சில கொழந்தைங்களுக்கு ரத்த அணு ஒடஞ்சு மஞ்சக்காமால மாதிரி ஆயிடும். எங்க வீட்ல அத வாங்கறதையே நிறுத்திட்டோம்.

மாடுலர் கிச்சன் போடலாமா?

போடுங்க, ஆனா சிங்க்குக்கு கீழ என்ன பலகைன்னு கேட்டுட்டு போடுங்க. நாங்க ஒரு கடைல குடுத்து பண்ணோம், பேர் வேண்டாம். வாட்டர் ப்ரூப்னு சொன்னாங்க. எட்டு மாசம், ஐப்பசி மழைல சிங்க்குக்கு கீழ இருந்த கதவு ஊறுன பன்னு மாதிரி உப்பி கீல்லேர்ந்து கழண்டு கையோட வந்துச்சு. உள்ள பாத்தா மரத்தூள ஒட்டுன பார்ட்டிக்கல் போர்டு. போன் பண்ணா "தண்ணி படாம பாத்துருக்கணும்மா"ன்றாங்க. சிங்க்குக்கு கீழ தண்ணி படாம எப்டிங்க பாக்கறது?

இப்ப அந்த எடத்துல பிவிசி கதவு, உள்ள கடப்பா கல்லு செல்ஃபு. மத்த எடத்துல பிளைவுட் போட்டாலும் சிங்க்கு, சிலிண்டரு ரெண்டுக்கும் கல்லுதான் என் ஓட்டு. சிலிண்டர் வெக்கற எடத்துக்கு கதவு போடறவங்க கவனிங்க, கேஸு காத்த விட கனம், லீக்கானா கீழதான் தேங்கும். கதவுக்கு அடில தரையோட ஒட்டி ஓட்டையோ ஜல்லடையோ இருக்கணும், சிலிண்டர படுக்க வெக்கவே கூடாது. ஆசாரி மறந்துடுவாரு, நீங்க ஞாபகப்படுத்துங்க.

நம்ம போர் தண்ணி உப்பு வேற. எவர்சில்வர் டப்பாவ கழுவி ஈரத்தோட கவுத்தா வெள்ள வெள்ளயா திட்டு. துணில தொடச்சு வெச்சுட்டா அந்த கவலையில்ல, திட்டு விழுந்துட்டா எலுமிச்ச தோலு.

பட்டுப்புடவ, பீரோ?

புடவைய கடைல குடுத்த பிளாஸ்டிக் கவர்லயே வெக்காதீங்க, உள்ள ஈரம் தங்கி ஜரிகை கறுத்துடும். மாமாவோட பழைய வெள்ள வேட்டிய கிழிச்சு ஒவ்வொரு புடவைக்கும் ஒரு துண்டு சுத்தி வெச்சிருக்கேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்ப மாத்தணும், இல்லன்னா மடிச்ச கோட்டுலயே விட்டுப்போகும். எந்த புடவ எந்த துணிக்குள்ளன்னு தெரியாம எல்லாத்தையும் பிரிக்காதீங்க, ஓரத்துல அதே கலர் நூல்ல ஒரு தையல் போட்டா போதும்.

தெனம் கட்டற துணிய பீரோல நிக்க வெச்சு அடுக்கறது நெசமாவே உபயோகம்ங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா கீழ இருக்கறத உருவறப்ப கோபுரம் சரியும். பையன் சட்டையெல்லாம் ஒரு அட்டப்பெட்டில நோட்டுப்புக் மாதிரி நிக்குது, அவனே எடுத்துக்கறான்.

புள்ளைங்க சாமான்?

ஸ்கூல் பை, லஞ்ச் கூடை வெக்க ஒரு எடம், பொம்மைக்கு ஒரே ஒரு கூடை, கூடை நெறஞ்சா ஒண்ணு வெளிய போகும்னு பேச்சு. சின்ன கிளாஸ்ல பருவத்துக்கு பருவம் புக்கு மாறுது, முடிஞ்ச பருவத்து புக்க அன்னிக்கே எடுத்து அட்டப்பெட்டில போட்டு மேல வெச்சிடலாம், முழு வருஷமும் மேஜைல கெடக்க வேண்டாம். பொண்ணு வரைஞ்ச படமெல்லாம் போட்டோ எடுத்துகிட்டு, நல்லதா ஒரு பத்து ஃபைல்ல. கனமான டிராயர் வெச்ச அலமாரி இருந்தா செவுத்தோட சேத்து ஸ்க்ரூ போட்டுடுங்க, டிராயர படி மாதிரி இழுத்து ஏறும்ங்க.

பத்திரம், சர்டிபிகேட், பில்லு இதெல்லாம்?

ஒரிஜினல் எதையும் லேமினேஷன் பண்ணாதீங்க, பத்திரத்த குறிப்பா. ஒட்டுனது ஒட்டுனதுதான், பிரிக்க முடியாது, நாளைக்கு பேங்க்ல கொண்டு போய் நீட்டுனா யோசிப்பாங்க. நல்ல கனமான கவர் ஃபைல் போதும். நாங்க ஆளுக்கு ஒரு ஃபைல், வீட்டுக்கு ஒரு ஃபைல்னு வெச்சிருக்கோம். வீட்டு ஃபைல்ல பத்திரம், வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு. பட்டா, சிட்டா, வில்லங்கமெல்லாம் இப்ப ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், அதோட பழைய பழைய பிரிண்டுகள சேத்து வெச்சு ஃபைல உப்ப வெக்க வேண்டாம். பெரியவங்க சிலபேருக்கு பழையது ரொம்ப முக்கியமா இருக்கும். எங்க மாமா ஃபைல்ல நம்ம ஊரு தருமபுரி மாவட்டமா இருந்தப்ப வாங்குன சர்டிபிகேட்டெல்லாம் இருக்கு, 2004லதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு, அதுக்கு முன்னாடி எதுக்கெடுத்தாலும் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறுன கதையோடதான் அந்த ஃபைல் தொறக்கும். அத நான் தொடறதில்ல.

ஃபைல் எங்க இருக்குன்னு வீட்ல குறைஞ்சது ரெண்டு பேருக்கு தெரியணும். ஒருத்தர் ஆஸ்பத்திரில படுத்துகிட்டு இன்ஷூரன்ஸ் கார்ட தேடச் சொல்ற நெலம வேண்டாம்.

ஸ்டோரேஜ் கட்டில் நல்லதா?

மெத்தைய தூக்க ஆளு இருந்தா நல்லது. எங்க வீட்ல வேண்டாம்னுட்டோம், கட்டிலுக்கு அடி எங்களுக்கு வேற வேலைக்கு வேணும். கடைசி கேள்விய பாருங்க.

வேலைக்கும் போயிட்டு தெனம் எப்டி மெயின்டெயின் பண்றது?

நைட்டு சீரியல்ல விளம்பரம் போடறப்ப ஆளுக்கு அஞ்சு சாமான். எழுந்து போய் எடத்துல வெச்சுட்டு வந்து உக்காரணும். மாமாவும்தான். அவரு நாலு வெச்சிட்டு அஞ்சுன்னு சொல்லுவாரு.

போகிக்குன்னு எல்லாத்தையும் சேத்து வெக்காதீங்க, அன்னிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி புள்ளைங்களுக்கு இருமல் வாங்கிக் குடுக்கறதுதான் மிச்சம். பேப்பர்காரர் வர்றப்ப அப்பப்ப போட்டுடுங்க.

உங்க வீடு எப்பவுமே இப்டித்தான் இருக்குமா?

யாரு சொன்னது? சித்திர, வைகாசி, ஆனி வந்து பாருங்க. அத்தையோட தம்பி தோப்புலேர்ந்து பொட்டி பொட்டியா மாங்கா வரும். மொதல்ல செந்தூரா, அப்புறம் பெங்களூரா, மல்கோவா, கடைசில நீலம். கார்பைடு கல்லு வெச்சு பழுக்க வெக்கறது தடை பண்ணதுன்னு தெரிஞ்சும் சந்தைல வெக்கறாங்க, அதனால வீட்டுக்கு மட்டும் வைக்கோல்ல பழுத்ததுதான். ரெண்டு ரூம் கட்டிலுக்கு அடிலயும் வைக்கோல் பரப்பி, காம்பு கீழ பாக்கற மாதிரி அடுக்கி, மேல சாக்கு போட்டு மூடிடுவோம். ஒண்ணு பழுத்தா அதோட வாயு பட்டு பக்கத்துல இருக்கறதும் பழுக்கும், அதனால தெனம் காலைல யாராவது ஒருத்தர் குப்புற படுத்து தடவி தடவி பழுத்தத வெளிய எடுக்கணும். கூடை, கொக்கி, சாக்பீஸ், எல்லா சட்டமும் அப்ப லீவு. வைக்கோல் துரும்பு பூஜை செல்ஃப் வரைக்கும் போகும், வீடு பூரா ஈ, மாடுலர் கிச்சன் கதவுல புள்ளைங்க மஞ்ச கை.

இத எழுதறப்ப கூட பொண்ணு கட்டிலுக்கு அடிலதான் இருக்கா, காலு மட்டும் தெரியுது. "அம்மா, இது பழுத்துருச்சா?"ன்னு அங்கேர்ந்து கத்தறா. மோந்து பாருடின்னு சொல்லியிருக்கேன்.